பத்தொன்பது டப்பா வெள்ளை

மார்லிஸ் வாங்கிப்போன வெள்ளைப் பெயிண்ட் மொத்தம் பத்தொன்பது டப்பா. எல்லாமே நிறம் பார்ப்பதற்கான சின்ன டப்பா, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எண்ணிக்கை எனக்குத் தெரியும், ஏனென்றால் பத்தொன்பதையும் கலக்கிக் கொடுத்தவள் நான். எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் பக்கத்தில் முப்பத்தாறு வருடமாக நிற்கிறேன். பால் வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை, துளி சாம்பல் விட்ட வெள்ளை என்று வெள்ளையில் எத்தனை உண்டோ அத்தனையும் அவளுக்குக் கலக்கியாயிற்று. அப்படியும் அவள் வீட்டுச் சமையலறையில் ஒரு விரல்கடை இடம்கூட வெள்ளையாகவில்லை. காரணம் என் கூடப்பிறந்த அண்ணன் டுவேன். மார்லிஸ் அவன் மனைவி.

இந்த ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரும் மார்லிஸ் கையால் சாப்பிடாமல் வளரவில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் தலைமைச் சமையல்காரி. இருநூற்று எண்பது பிள்ளைகள், பன்னிரண்டு வேலையாட்கள். எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எந்தப் பிள்ளை சனி ஞாயிறு வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் திங்கட்கிழமை வருகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் தட்டில் மட்டும் கரண்டி இரண்டாவது முறை இறங்கும், யாரும் பார்ப்பதற்குள் ஏறிவிடும். ஒரு நாளும் சத்தம் போட்டு வேலை வாங்கியதில்லை. “வெங்காயம் இன்னும் கொஞ்சம் பொடியா இருந்தா நல்லா இருக்குமோ என்னவோ” என்பாள். பன்னிரண்டு கத்தியும் பயந்துபோய்ப் பொடியாக நறுக்கும்.

அந்தச் சமையலறையில் பெரிய பெரிய ஜன்னல், வெள்ளை ஓடு பதித்த சுவர். அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் வடக்குப் பார்த்த ஒற்றை ஜன்னல். தரையிலிருந்து கூரைவரை ஆரஞ்சும் பழுப்புமாகக் கப்போர்டுகள். நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். பூசணிக்காய்க்குள் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள். சொன்ன கையோடு, “ஆனா நல்லாத்தான் இருக்கு” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இதுதான் எங்கள் மினசோட்டாக்காரர்களின் வியாதி. மனதில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவர மாட்டோம். ஒருவர் வீட்டுக்குப் போனால் காப்பி வேண்டுமா என்று மூன்று முறை கேட்க வேண்டும், இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தட்டில் கடைசியாக ஒரு பார் மிஞ்சினால், அது எவ்வளவு ருசியான இனிப்பானாலும், யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் வந்து பாதியை வெட்டி எடுத்துக்கொள்வார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று கிடந்து காயும். அதையும் கழுவும்போது வீட்டுக்காரிதான் வழித்துப் போடுவாள். நானும் இந்த ஊர்க்காரிதான், ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் கல்யாணம் ஆகவில்லை என்று டுவேன் சொல்வான்.

கப்போர்டு வந்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும்.

1988 அக்டோபரில் வடக்கு டகோட்டாவில் மார்லிஸின் அம்மா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மார்லிஸ் மூன்று வாரம் போய்க் கூட இருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு மரக்கடை இழுத்து மூடப்போவதாக டுவேனுக்குச் சேதி வந்தது. போனான், ஓக் மரக் கப்போர்டு என்று மொத்தமாக வாங்கினான். கடைக்காரர்களே வந்து ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஏற்கெனவே அங்கே இருந்தவை பழைய கப்போர்டுகள்தான், கீல்கள் கிறீச்சிடும். ஆனால் அவை வெள்ளை. அவற்றை டுவேன் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்தான்.

அவள் திரும்பி வந்த அன்று நானும் இருந்தேன். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவிடாமல் கண்ணை மூடச் சொல்லி உள்ளே அழைத்துப் போனான்.

“இப்பத் திற. எப்படி இருக்கு?”

மார்லிஸ் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பழைய கப்போர்டு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“அட. வித்தியாசமா இருக்கே” என்றாள்.

விருந்தில் சாலடுக்குள் புழு நெளிந்தாலும் நாங்கள் அதைத்தான் சொல்வோம். அதற்குமேல் கடுமையான வார்த்தை எங்களிடம் இல்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் அண்ணனுக்கு அது தெரியாதா? தெரியும். அன்றைக்கு மட்டும் அவன் காது அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை ஓட்டலில், காப்பி மேசையில் கூடுகிற தன் கூட்டாளிகளிடம், “பேச்சே வரலடா அவளுக்கு. அசல் ஓக்கு!” என்று சொன்னான். பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்த லைல்தான் அந்த மேசைக்குத் தலைவன். சாயங்காலத்துக்குள் லைல் வாய் வழியாக ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது.

அதிலிருந்து முப்பத்துநாலு வருடம் அதே பாட்டு. பனி உருகி, ஏப்ரல் வெளிச்சம் அந்த ஒற்றை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற சமயம் மார்லிஸுக்கு ஆசை துளிர்க்கும். கடைக்கு வருவாள். துணிச்சல் வந்த வருடம் மாதிரி டப்பா வாங்குவாள். எல்லா வருடமும் கல்லாப் பக்கம் தொங்குகிற பழுப்புப் பேனா ஒன்று, மேசை நாற்காலியில் கீறல் விழுந்தால் பூசுவார்களே, அதையும் எடுத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போய் அட்டையில் வெள்ளை பூசிக் கதவில் ஒட்டி வைத்துவிட்டு, டுவேன் காப்பி எடுக்க வரும்போது ஆரம்பிப்பாள்.

“டுவேன், கப்போர்டுக்கு லேசா வெள்ளை அடிச்சா எப்படி இருக்கும்?”

“ஓக்குக்கா?”

“சும்மா கேட்டேன்.”

உடனே அவன் கதவு ஒன்றைத் தட்டுவான். “கேளு. டொக்கு டொக்குன்னு எப்படிப் பேசுது பாரு. இதுக்குப் போய்ப் பெயிண்ட் அடிச்சா கர்த்தர் என்னைச் சும்மா விடமாட்டாரு.”

“சரி, விடு.”

அந்தச் ‘சரி, விடு’வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல தடவை நானே சண்டைக்கு நின்றிருக்கிறேன். “பெயிண்ட் பாவம்னா மொத்தமா மாத்தேன். புதுசா வாங்கிக் குடு” என்பேன்.

“நல்ல மரத்தைத் தூக்கிப் போடறதா? அப்பா இருந்தா என்ன சொல்வாரு?”

“அப்பா போய் இருபது வருஷம் ஆச்சு. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

பெயிண்ட் அடித்தால் பாவம், மாற்றினால் வீண். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றேதான் என் அண்ணனுக்கு. அதைவிட எரிச்சல், நான் புதியது என்று வாயெடுத்தாலே மார்லிஸே குறுக்கே விழுவாள். “வேண்டாம் ஆர்டிஸ், புதுசெல்லாம் எதுக்கு? பெயிண்ட் அடிச்சாலே போதும்” என்பாள். ஒவ்வொரு முறையும் அதையேதான். சிக்கனம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். கேட்கிறதைப் பெரிதாகக் கேட்டால் என்ன, இவளுக்குக் கேட்கவே தெரியவில்லையே என்று அவள்மேலும் கோபம் வரும்.

இந்த வருடம் பிப்ரவரியில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். எழுபத்திரண்டு வயது. புரை போனால் மஞ்சள் அடித்தது எல்லாம் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். டுவேன் ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் போய்விட்டதால், இரண்டாவது கண் முடிந்த அன்று நான்தான் காரில் கூட்டி வந்தேன். வழியெல்லாம் குழந்தைபோல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“பனி இவ்வளவு வெள்ளையா? உன் தலைகூட வெள்ளையா இருக்கே ஆர்டிஸ். இவ்வளவுன்னு நான் நெனைக்கல.”

“ரொம்ப நன்றி” என்றேன்.

வீட்டுக்குள் போனதும் நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றாள். அப்படியே நின்றாள். பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பாதி என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனைச்சிட்டிருந்தேன். கண்ணு சரியாயிடுச்சு. இது அப்படியேதான் இருக்கு.”

அவள் அழுது நான் பார்த்தது அதற்கு முன் இரண்டே தடவை, இரண்டும் சாவு வீடு. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் காப்பி போட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நானும் இருந்துவிட்டேன். மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட இறைச்சி ஹாட்டிஷ். டுவேன் இரண்டாவது கரண்டி போட்டுக்கொள்ளும்போது மார்லிஸ் சொன்னாள்:

“டுவேன், பெயிண்டோ புதுசோ, எதுவானாலும் சரி. நீயே சொல்லு. ஆனா இது மட்டும் வேண்டாம்.”

அவள் வாயிலிருந்து ‘வேண்டாம்’ வந்தது. டுவேன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“யோசிப்போம்” என்றான்.

ஆறு வாரம் யோசித்தான். எங்கள் ஊரில் அதற்கு ‘முடியாது’ என்று அர்த்தம். எனக்குப் பொறுமை போய், ரொக்ஸானைக் கூப்பிட்டுவிட்டேன். அவள் கப்போர்டுக்குப் பெயிண்ட் அடிப்பதையே தொழிலாகச் செய்கிறவள். சிகாகோப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து பதினைந்து வருடம் ஆகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவாள் என்பதால் இன்னும் ஊரில் அவளைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை அவள் வந்தபோது டுவேன் தயாராக இருந்தான். லைலிடமிருந்து மரம் தேய்க்கிற மெஷினை இரவல் வாங்கி, உப்புத்தாளும் மாட்டி வைத்திருந்தான்.

“பெயிண்டும் வேண்டாம், புதுசும் வேண்டாம்” என்றான். “மேல இருக்கற பழைய வார்னிஷைத் தேய்ச்சு எடுத்தா உள்ள ஓக் வெளுப்பா வரும். மார்லிஸுக்கு வெளிச்சம்தானே வேணும்? இப்பப் பாருங்க.”

மெஷினைத் தூக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜை ஒட்டி இருந்த கப்போர்டின் பக்கவாட்டுப் பலகைக்குப் போனான். மார்லிஸ் சட்டென்று குறுக்கே வந்தாள்.

“அங்க வேண்டாம் டுவேன். கதவுல பண்ணு.”

“கதவுல என்ன தெரியும்? இதுதான் அகலமா இருக்கு.”

“கதவுல பண்ணேன். சொன்னாக் கேளேன்.”

“நீ தள்ளிக்க, தூசி பறக்கும். இப்பத்தானே கண்ணு பண்ணிருக்கு.”

அவள் தள்ளிக்கொண்டாள். பாத்திரம் துடைக்கிற துணியை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். இவள் ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

மெஷின் பலகையைத் தொட்டது. முதலில் கொஞ்சம் தூசி. அப்புறம் ஏதோ சுருள் சுருளாக உரிந்து வந்து மெஷினில் சுற்றிக்கொண்டது. டுவேன் நிறுத்தினான். இரண்டு கை அகலத்துக்கு மர ரேகை போய்விட்டது. அங்கே சாம்பலும் பழுப்புமாக, அமுக்கிப் பிடித்த மரத்தூள். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு விரலால் தொட்டுப் பார்த்தான். உதிர்ந்தது.

“என்ன இது?”

“பேப்பர்” என்றாள் ரொக்ஸான். “மர ரேகையை அச்சடிச்சு ஒட்டின பேப்பர். கீழ தூள் பலகை. கதவும் முன்சட்டமும்தான் ஓக்கு. அப்பல்லாம் பாதி வீட்டுல இப்படித்தான் மாட்டினாங்க.”

“இல்ல. இது அசல் ஓக்.”

“நீங்க தட்டிப் பார்த்ததெல்லாம் கதவைத்தான்.”

டுவேன் மண்டியிட்டான். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருந்த கப்போர்டைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த பூப்போட்ட தாளை ஓரத்தில் பிடித்து இழுத்தான். அடிப்பலகை தண்ணீரில் ஊறிய ரொட்டியாக உப்பிக் கிடந்தது. வெளிப்பக்கம், கீழ் ஓரத்தில், கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தான். விரலில் பழுப்புச் சாயம் ஒட்டியது. கிட்டத்தில் பார்த்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது. ஓரமெல்லாம், மூலையெல்லாம், பேப்பர் உரிந்த இடமெல்லாம் மெல்லிய கோடுகள். பேனாக் கோடுகள்.

“யாரு பண்ணது இது?”

“நான்தான்” என்றாள் மார்லிஸ்.

“எப்ப?”

“எண்பத்தொம்பதுலேருந்து. அந்த வருஷம் குழாய் ஒழுகிச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப இங்க உரிஞ்சுது. அப்புறம் அங்கங்க.”

அந்தப் பேனாக்களை எல்லாம் விற்றவள் நான். வருடத்துக்கு ஒன்று. எதற்கு என்று ஒரு நாள் கேட்டேனா? வாய் நீளம் என்று பெயர் வாங்கி என்ன பிரயோசனம்? அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள அவள்மேல் பாய்ந்தேன்.

“உனக்குத் தெரியுமா? முப்பத்து மூணு வருஷமாத் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே இதைக் கழட்டி எறிஞ்சிருக்கலாமேடி!”

“அதுக்குள்ள அவன் ஊரெல்லாம் சொல்லிட்டானே ஆர்டிஸ்.”

“அதனால?”

“அதனால என்ன, அப்புறம் நான் எப்படிச் சொல்றது?”

துணியை மடித்துக்கொண்டே சின்னக் குரலில் தொடர்ந்தாள். “பெயிண்ட் அடிச்சா மூடிடும்னு நெனைச்சேன். புதுசு மாத்தறதுன்னா கழட்டணும். கழட்டினாத்தானே தெரியும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது டப்பா வெள்ளையும் அதற்காகத்தான். தனக்கு வெளிச்சமும் வேண்டும், அவன் மானமும் போகக் கூடாது. அதற்காகத்தான் புதியது என்றாலே குறுக்கே விழுந்தாள். அந்தப் பெயிண்டைத்தான் இவன் கர்த்தர் பெயரைச் சொல்லித் தடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவள் பூசணிக்காய் நிறத்தில் ஒரு சமையலறையையே பேனாவை வைத்து மறைத்திருக்கிறாள்.

டுவேன் எழுந்து போனான். கராஜில் தன் டிரக்கில் ஏறி, வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்துகொண்டான். எங்கள் வீட்டு ஆண்களுக்குத் துக்கம், கோபம், வெட்கம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இடம்தான்.

ரொக்ஸான் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இதுக்குப் பெயிண்ட் அடிச்சு உங்களை ஏமாத்த மாட்டேன். கதவு நல்லா இருக்கு, கதவு மாட்டியிருக்கற பெட்டி உப்பிப் போயிடுச்சு. பெட்டி போனப்புறம் கதவை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? புதுசு போடுங்க. என்ன நிறம் வேணும் உங்களுக்கு?”

மார்லிஸ் பழக்க தோஷத்தில் கராஜ் பக்கம் திரும்பினாள். “டுவேனைக் கேட்டுட்டு...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

“வெள்ளை” என்றாள். தேவாலயத்தில் பேசுகிற குரலில் சொன்னாள்.

ஃபெர்கஸ் ஃபால்ஸ் டவுனில் ஒரு கடையில் சொல்லி வைத்தோம். ஜூலை இரண்டாம் வாரம் வரும் என்றார்கள். டுவேன் கூட வந்தான், கையெழுத்துப் போட்டான், போகும்போதும் வரும்போதும் மழையைப் பற்றி மட்டும் பேசினான்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். ஊருக்குச் சேதி பரவியது, ஆனால் பாதிச் சேதி. மார்லிஸ் நல்ல ஓக் மரத்தைத் தூக்கிப் போடுகிறாளாம். கண் தெரிந்ததும் ஆடம்பரம் வந்துவிட்டதாம். தேவாலயத்தில் இரண்டு பெண்கள் அவளிடமே, “புது கப்போர்டாமே, வித்தியாசமா இருக்கும்” என்றார்கள். நான் டுவேனைப் பிடித்தேன்.

“லைல்கிட்ட உண்மையைச் சொன்னியா?”

“எதுக்கு?”

“எதுக்கா? உன் பேப்பருக்கு அவ பேச்சு வாங்கறா!”

“ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் விட்டுடுவாங்க.”

மார்லிஸிடம் போனேன். அவள், “பரவால்ல ஆர்டிஸ்” என்றாள். இவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மே மூன்றாவது ஞாயிறு டுவேன்-மார்லிஸின் பேரனுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, வளர்ந்த பிள்ளையைச் சபையில் முழுசாகச் சேர்த்துக்கொள்கிற சடங்கு. முடிந்து வீட்டில் சாப்பாடு, முப்பது பேர். முந்தின நாள் டுவேன் என் கடைக்கு வந்தான். கல்லாப் பக்கம் தொங்கிய பழுப்புப் பேனாவில் மூன்றை எடுத்து வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பையில் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் தேவாலயத்திலிருந்து மடக்கு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனால், என் அண்ணன் சமையலறைத் தரையில் மண்டியிட்டிருக்கிறான். மளிகைக் கடையில் தருகிற பழுப்புக் காகிதப் பையை வெட்டி, பலகை பிய்ந்த இடத்தில் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் பேனாவால் பூசிக்கொண்டிருக்கிறான். மார்லிஸ் மேசையில் உட்கார்ந்து அவித்த முட்டை உரித்தபடி அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

“மொத்தமாப் பூசாத. கோடு கோடா இழு. மேலேருந்து கீழ.”

“இப்படியா?”

“இன்னும் லேசா. காஞ்சப்புறம் கருக்கும். நடுநடுவுல கொஞ்சம் விடு, ஓக்குல அப்படித்தான் இருக்கும்.”

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு இழுத்தான். ஒரு கோடு கோணலாகப் போனது. நிமிர்ந்து அந்த அறை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தான், ஓரம் ஓரமாக, மூலை மூலையாக.

“இதெல்லாம் நீ எப்ப உக்காந்து பண்ணுவ?”

“நீ ஏரிக்குப் போவியே, அப்ப.”

அவன் திரும்பிக் கோடு இழுத்தான். நான் நாற்காலிகளைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போய்விட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் கத்தியிருப்பேன்.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். ஹாம் வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், பெரிய பாத்திரம் நிறையக் காப்பி, புளிப்பான ருபார்ப் தண்டு போட்டு மார்லிஸ் சுட்ட பார் இரண்டு தட்டு. லைல் புது வெள்ளைச் சட்டையில் வந்து, வேறு இடமே கிடைக்காத மாதிரி ஃப்ரிட்ஜ் பக்கம் அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். சாப்பிட்டுக்கொண்டே கையை நீட்டிக் கதவை டொக்கு டொக்கென்று தட்டினான்.

“டேய் டுவேன், இதையாடா கழட்டப் போற? இந்த மாதிரி மரம் இனிமே எங்க கிடைக்கும்? ஏன் மார்லிஸ், உனக்கு எப்படி மனசு வருது?”

எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். எல்லோரும் மார்லிஸைப் பார்த்தார்கள். டுவேன் தன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்துகொண்டான். சொல்லுடா, இப்பவாவது சொல்லுடா என்று மனதுக்குள் அடித்துக்கொண்டேன். அவன் நிமிரவில்லை. சரி, நானே போட்டு உடைக்கிறேன் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மார்லிஸ் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“லைல், நீ சாஞ்சிருக்கியே, அது மளிகைக் கடைப் பை.”

லைல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“பைக்குக் கீழ மரத்தூள். கதவு மட்டும்தான் ஓக்கு. மத்ததெல்லாம் பேப்பர். ஆனா அசல் ஓக்காவே இருந்தாலும் எனக்கு இது பிடிக்கல. வந்த அன்னிக்கே பிடிக்கல. முன்னாடி இருந்த வெள்ளைதான் பிடிச்சுது. ஜூலைல வெள்ளை வருது.”

இந்த ஊரில் சாப்பாட்டு நேரத்தில், விருந்தாளிகளுக்கு முன்னால், ஒருவர் ‘பிடிக்கல’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மெல்லுகிற வாய்கள் நின்றன. லைல் பலகையிலிருந்து முதுகை எடுத்துத் திரும்பினான். அவன் வெள்ளைச் சட்டையின் முதுகில் பழுப்பாகக் கோடு கோடாக, மேலிருந்து கீழே, நடுநடுவில் கொஞ்சம் விட்டு.

“அது நான் போட்டது” என்றான் டுவேன்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் கோப்பையை மேசையில் வைத்தான். காதுவரை சிவந்திருந்தது.

“நேத்துத்தான் போட்டேன், இன்னும் காயல. மத்த கோடெல்லாம் மார்லிஸ் போட்டது. கப்போர்டு வாங்கினது நான். அவளைக் கேக்காம வாங்கினேன்.”

லைல் கழுத்தை வளைத்துத் தன் முதுகைப் பார்க்க முயன்றான். முடியவில்லை. “இதைவிட மோசமா ஆயிருக்கலாம்” என்றான். எங்கள் ஊரில் அதற்குமேல் ஆறுதல் கிடையாது. யாரோ மழையைப் பற்றி ஆரம்பித்தார்கள், மற்றவர்கள் நன்றியோடு அதில் சேர்ந்துகொண்டார்கள்.

மேசையில் ருபார்ப் தட்டில் ஒரே ஒரு பார் மிஞ்சியிருந்தது. வழக்கம்போல் பக்கத்தில் கத்தி. சுற்றி ஏழெட்டுப் பேர் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள். மார்லிஸ் கத்தியை ஓரமாகத் தள்ளினாள். பாரை முழுசாக எடுத்து, யாருக்காவது வேண்டுமா என்று ஒரு முறைகூடக் கேட்காமல், நின்ற இடத்திலேயே நின்று தின்று முடித்தாள்.